கணவாய்க்கு வயது சொன்ன கல்லக்கா

ஆழ்கடல் கணவாயிடம் போய் உன் வயதென்ன என்று கேட்க முடியாது. நல்லவேளையாக அதன் தலைக்குள் மணல் அளவில் இரண்டு கற்கள் இருக்கின்றன. நீந்தும்போது கவிழ்ந்துவிடாமல் காப்பவை அவைதாம். நாளுக்கு ஒரு வளையம் அவற்றில் ஏறும் என்பது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. கல்லை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பிசினால் ஒட்டி, ஈர மணல்தாளில் விரல்நுனியால் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் வயது வந்துவிடும். சொல்வது சுலபம். இரண்டு இழுப்பு கூடிவிட்டால் கல்லின் நடு தேய்ந்து, அந்தப் பிராணியின் பிறந்தநாளும் அதோடு போய்விடும்.

இந்த வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்தவளை எல்லோரும் கல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான துறைத்தலைவர்கூட அப்படித்தான். எண்ணுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். பஸ்ஸுக்கு நின்றால் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களை எண்ணுவாள். கணவர் பேசினால் எத்தனை தடவை ‘அதாவது’ போட்டார் என்று எண்ணி, பேச்சு முடிந்ததும் அறிவிப்பாள். அவர் தையற்காரர், பொறுமைசாலி. வேறு வழியும் இல்லை.

ஒவ்வொரு கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கல்லைக் கழித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவர் கல்லக்கா, இன்னொருவர் தலைவர். அந்த வருடம் வந்த பெரிய கணவாய்களில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவளுக்கு முந்நூற்று நாற்பது வந்தால் அவருக்கு ஐந்நூற்று அறுபது வரும். இத்தனை பெரிய உடம்பு ஒரே வருடத்தில் வளருமா என்பது அவர் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். வளையம் மங்கிய இடங்களில் அவர் குத்துமதிப்பாகப் போட்டு நிரப்புவார்; அங்கே மட்டும் அவருக்குத் தாராள மனசு. முப்பத்தொரு கற்கள் இப்படிக் கழிந்தபின் கல்லக்காவுக்குக் கண் தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பாகி, அடுத்த மாதம் முதல் பாட்டில் அறைக்குப் போகும்படி தாள் வந்தது. மருந்துத் தண்ணீரில் மிதக்கும் பிராணிகளை வெளியே எடுத்து அளந்து, மறுபடி உள்ளே போடும் இடம் அது.

அவள் கழிவறைக்குப் போய் அழுதாள். நுண்ணோக்கியில் குனியாத நாள் அவளுக்கு ஒரு நாளே இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் மிஷினை நிறுத்தினார்.

“என் ஊசிக்கெல்லாம் நூல் கோத்துத் தர்றவ நீ. உனக்கா கண்ணு போச்சு?”

அழுகை போனதும் அவளுக்குக் குறும்பு வந்தது. தலைவர் நுண்ணோக்கியில் குனிவதற்கு முன் ஒருமுறை சில்லில் ஒட்டிய சீட்டைப் பார்ப்பார். கணவாயின் நீளம் அதில் எழுதியிருக்கும். நீளம் தெரிந்ததுமே வயதையும் மனதில் முடிவு செய்துவிடுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

திங்கட்கிழமை ஒரு சில்லில் முப்பது சென்டிமீட்டர் என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தாள். இருநூற்றுத் தொண்ணூறு என்று எழுதினார். புதன்கிழமை அதே சில்லில் அந்தச் சீட்டின் மேலேயே அறுபது என்று இன்னொன்றை ஒட்டி, கல் அடையாளம் தெரியாதபடி தலைகீழாகத் திருப்பி வைத்தாள். நானூற்று இருபது வந்தது. வெள்ளிக்கிழமை தொண்ணூறு. எழுதுவதற்கு முன் தலைவர், நல்ல வளர்ந்த ஆள் என்று பாராட்டிக்கொண்டு ஐந்நூற்றுப் பதினைந்து போட்டார். கல்லக்கா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் அவர் மேஜையில் சில்லை வைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவர் லேசுப்பட்டவர் இல்லை.

“சீட்டு எழுதுறதே நீங்கதானே கல்லக்கா? நீளம் தெரிஞ்சுக்கிட்டுத்தானே நீங்களும் எண்ணுறீங்க?”

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டதில்லை. பயமாகவே இருந்தது. தன் எண்ணிக்கையும் மனசு சொன்ன கணக்காக இருந்துவிட்டால்?

மறுவாரம் அவர் சீட்டுகளின் மேல் கறுப்பு டேப் சுற்றி, மூன்று சில்லுகளைத் தானே கொண்டுவந்து நீட்டினார். எண்ணாவிட்டால் பாட்டில் அறை. எண்ணித் தவறினாலும் பாட்டில் அறை. அவள் குனிந்தாள். முதல் கல் முந்நூற்று முப்பத்தெட்டு. இரண்டாவது நூற்றுத் தொண்ணூற்று நான்கு. மூன்றாவதை வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எண்ணாமலே திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தக் கணவாயைத்தான் சார் முதல்ல எண்ணினேன், வளையம் அதே இடங்கள்லதான் மங்குது. இடது கல்லைக் குடுத்துட்டு இப்ப அதே கணவாயோட வலது கல்லைக் குடுக்குறீங்க.”

தலைவர் டேப்பை உரித்தார். அவள் சொன்னது சரி. மூன்று வாரங்களுக்கு முன் அதே கணவாய்க்கு அவள் போட்டிருந்த எண் முந்நூற்று நாற்பத்தொன்று. அவர் பாட்டில் அறைத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கல்லக்காவுக்குச் சந்தோஷம். ஆனாலும் அவரிடம் ஒரு புதுச் சட்டம் கேட்டாள். எண்ணுகிறவர் அளக்கக் கூடாது. அளக்கிறவர் எண்ணக் கூடாது. அவரிடம் மறுப்பு இல்லை. மறுத்தால் மூன்று சீட்டுக் கதை கட்டடம் முழுக்கப் பரவிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது ஆளாக எண்ணப் புதிதாக ஒருத்தி வந்தாள். அளக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கணவாய்களின் நீளத்திலேயே எப்போதும் கண்ணாக இருந்த மனிதர் தலைவர்தான். ஆகவே அவரே மேலங்கி மாட்டிக்கொண்டு பாட்டில் அறைக்குப் போனார்.

கழித்துப் போட்ட முப்பத்தொரு கற்களும் நீளம் எழுதிய சீட்டு இல்லாமல் திரும்பி வந்தன. முதல் கல்லை எண்ணி முடித்த அன்று கதவிடுக்கில் தலைவரின் தலை எட்டிப் பார்த்தது.

“எத்தனை வந்துச்சு?”

கல்லக்கா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லக் கூடாது சார். நீங்க அளக்கிறவரு.”