எலுமிச்சை சாதம் ஒட்டுக்கேட்ட கதை

கண்ணாடி இழை கேபிள் இணைப்பது என் தொழில். வெள்ளிமலைக்குக் கம்பம் கம்பமாக நான் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த வருஷம், கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்தது. எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்த மாமா, கள்ளக்குறிச்சிப் போராட்டக் குழுவில் முக்கியப் புள்ளி.

தியாகதுருகத்தில் திடீர் மறியல் என்று குழு மாமா வீட்டுப் போனிலேயே பேசி ரகசியமாக முடிவு செய்தது. காலையில் போய்ப் பார்த்தால் இவர்களுக்கு முன்பே போலீஸ் வேன் நிற்கிறது. எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விட்டார்கள். மாமா வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தவன் நான். ஆகவே ஒட்டுக்கேட்டவனும் நான்தான் என்று குழுவில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்குள் துப்புத் துலங்காவிட்டால் பெண் கிடையாது என்று மாமா சொல்லியனுப்பினார்.  எனக்குக் கோபம் வந்தது.

வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கேபிளில் ஓடுவது வெளிச்சம், இழையை நெருக்கி வளைத்தால் அந்த இடத்தில் கொஞ்சம் கசியும், அதைப் பிடித்துத்தான் ஒட்டுக்கேட்பார்கள், அப்போது இந்த முனையில் வெளிச்சம் குறையும் என்று குழுவுக்கே பாடம் நடத்தினேன். நடத்தியிருக்க வேண்டாம். மீட்டர் குறைவாகவே காட்டியது. எங்கள் ஊரில் தொங்குகிற ஒயரில் எதையாவது மாட்டாவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. எல்லாரும் போனபின் தேடினால், பீரோவுக்குப் பின்னால் நான் கொடுத்த ஒயரை ஆணியில் நாலு சுற்றுச் சுற்றி, அத்தை வெங்காயப் பை மாட்டியிருந்தார்.

வெளிச்சம் குறைந்தது அதனால்தான்; ஆனால் வெங்காயம் போலீசுக்கு எப்படிச் சொல்லும்? வேறு யாருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று யோசித்து, மறியலுக்குச் சாப்பாடு எங்கே சொல்லியிருந்தார்கள் என்று விசாரித்தேன். எலுமிச்சை சாதம், முந்நூறு பொட்டலம். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தினமும் டிபன் கொடுக்கும் அதே மெஸ். "நாளைக்கு இட்லி கிடையாது சார், தியாகதுருகம் மறியலுக்கு ஆர்டர் ஜாஸ்தி" என்று மெஸ்காரர் முந்தின நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஆர்டர் கொடுத்தவர் மாமா. தனியாக அழைத்துச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது மாப்ள. ஒயருனே சொல்லிடு."

குழுவின் முன்னால் பீரோவை நகர்த்தினேன். பேச்சு கசிந்தது இந்த நாலு சுற்றில்தான் என்று கூசாமல் சொன்னேன். எல்லார் பார்வையும் அத்தை மேல் திரும்பியது. மாமா வாயே திறக்கவில்லை.

"நெசமாங்களா மாப்ள?" என்று அத்தை கேட்டார்.

"ஆமாம் அத்தை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. அத்தை என்னிடம் மறுபடி பேசியது என் மகள் பிறந்த பிறகுதான்.