பூ விழுந்த கோடை

கண்ணாடிக் கடையில் அவருக்கு ‘ஒருதரம்’ என்று பெயர். ஏலம் போடுகிறவன்கூட மூன்று தரம் சொல்கிறான். இவர் எதையும் ஒரு தரம்தான் சொல்வார். கேட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், கேட்காதவர்கள் தலையெழுத்து. கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் அடுத்தவர் குறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி இருந்தவரை வீட்டுத் தோட்டத்தை அவர் எட்டிப் பார்த்ததில்லை. செடிகளுக்குக் கிடைக்கிற கவனிப்பு கட்டின புருஷனுக்குக் கிடைப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போனபின், குழாயைக் கையில் எடுத்தது அவர்தான். செடிகள் மேல் அவருக்கு இன்னும் பிரியம் வரவில்லை. ஆனால் பிரியத்தோடு செய்த அவளைவிட, முணுமுணுத்துக்கொண்டே செய்த அவரிடம் அவை நன்றாக வளர்ந்தன. இதில் ஏதோ அநியாயம் இருக்கிறது என்று அவருக்கே தோன்றும்.

அந்தக் கோடையில் தெருவே வாடிக் கிடந்தபோது இந்தத் தோட்டம் மட்டும் பிடிவாதமாகப் பூத்தது. மதில் ஓரம் மல்லி. தொட்டிகளில் பத்துமணிப் பூ, பெயருக்கு மதிப்புக் கொடுக்காமல் ஒன்பதுக்கே விரிந்தது. சாயங்காலமானால் பந்தலில் பீர்க்கம்பூ மஞ்சள். அவள் நட்டு, அவள் காலத்தில் ஒரு மொட்டுகூட வைக்காத எலுமிச்சையும் முதல்முறையாகப் பூத்திருந்தது. பார்க்க வேண்டியவள் இல்லை. பார்க்க விருப்பமில்லாதவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எலுமிச்சையில் காய்ந்த குச்சிகளை நறுக்கும்போதுதான், வளைத்துப் பிடித்திருந்த கிளை கைநழுவி முகத்தில் அடித்தது. முள் இடது கண்ணைக் கீறியது. தண்ணீர் வடிந்தது, சிவந்தது, பிறகு கருவிழியில் அரிசி நொய் போல ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. கடைக்கு வருகிற பெரியவர்கள் அதைக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்பார்கள். அப்படி யார் வந்தாலும் பின்னறையிலிருந்து எழுந்து வந்து, “உங்களுக்குக் கண்ணாடி வேணாம், டாக்டர் வேணும், போங்க” என்று ஒருதரம் சொல்லித் துரத்துகிறவர் அவர்தான்.

“ஊருக்கு உபதேசம் பண்றீங்க, உங்க கண்ணைப் பாருங்க, தக்காளி மாதிரி இருக்கு” என்றாள் கல்லாவில் இருந்த பெண். “இன்னைக்கே போங்கண்ணே.”

“தூசி.”

“தூசி வெள்ளையாவா இருக்கும்?”

“ஞாயித்துக்கிழமை பையன் பேசுவான். அவன்கிட்ட சொல்றேன்.”

கண் போய்விடும் என்பது அவருக்கு டாக்டர் அளவுக்குத் தெரியும். தடுத்தது ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலைநிமிராமல், “கூட யார் வந்திருக்கா?” என்று கேட்பார். மனைவிக்காகப் போனபோதெல்லாம் அதற்கு விடையாக இவர் நின்றிருந்தார். இப்போது அந்தக் கேள்விக்கு முன்னால் தனியாகப் போய் நிற்க முடியவில்லை. மகன் வந்தால் போகலாம். ஆனால் ‘வா’ என்று கூப்பிட மாட்டார். சேதியைச் சொல்வார், வருவது அவன் பாடு.

மகன் தொலைதூரத்தில், பெரிய வேலையில் இருந்தான். வீட்டை விற்றுவிட்டு வரச் சொன்னதும் இவர் மறுத்ததும் பழைய கதை. அதிலிருந்து இருவரும் சண்டைக்கு இடமில்லாத ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போனிலும் அப்படித்தான்.

“என்னப்பா, தோட்டம் எப்படி இருக்கு?”

“பூ விழுந்திருச்சு.”

“அடடா. எதுல?”

“எலுமிச்சைதான்.” குத்தியது எலுமிச்சைதானே.

“வெயில் அப்படிப்பா. வச்ச பூவெல்லாம் நிக்காது. கவலைப்படாதீங்க, காலையும் சாயங்காலமும் தண்ணி விடுங்க, சரியாயிடும்.”

இவர் போனை மறுகாதுக்கு மாற்றினார். கடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். தன் மகனுக்கு அதற்கு வேறு பொருள் தெரிந்திருக்கிறது என்பது மெதுவாகப் பிடிபட்டது.

“தண்ணி விட்டா சரியாயிடுமா?”

“நிச்சயமாப்பா. நான் ஒரு வீடியோ அனுப்பறேன் பாருங்க.”

‘கண்ணில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது இரண்டாம் தரம் சொல்வதாகிவிடும். “சரி, வச்சிரு” என்றார்.

அன்று சாயங்காலம் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டார். அதே குழாய்த் தண்ணீரில் கண்ணையும் கழுவினார். மகன் சொல்லைத் தட்டினதாக இருக்கக் கூடாது பாருங்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு கண்ணாடிக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் கல்லாப்பெண் எதுவும் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் அவர் பயந்த கேள்வி வந்தது.

“கூட யாரு?”

“தங்கச்சி” என்றாள் அவள், பையில் சில்லறை தேடிக்கொண்டே.

இவ்வளவு சுலபமான பதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

டாக்டர் விளக்கை அணைத்தார். “முள் குத்தின அன்னைக்கே வந்திருக்கணும். தழும்பாயிடுச்சு, இனிமே மருந்து கேக்காது. தானமா வர்ற மாத்துக் கருவிழிக்குப் பதிஞ்சு வைக்கிறேன், எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது. வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னேன்.”

மகனுக்குப் போன் போட்டது கல்லாப்பெண். அவன் மறுநாளே வந்து இறங்கினான். பின்கட்டில் நின்றுகொண்டு கத்தவும் முடியாமல் அழவும் முடியாமல் கேட்டான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

“சொன்னேனே.”

“எப்ப சொன்னீங்க?”

“பூ விழுந்திருச்சுன்னு.”

மகன் திரும்பி எலுமிச்சையைப் பார்த்தான். அதில் ஒரு பூகூட வீணாகவில்லை. இலைக்கடியில் சுண்டைக்காய் அளவில் பச்சைப் பிஞ்சுகள் வரிசையாகப் பிடித்திருந்தன. தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னது மரத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரியாகத்தான் இருந்தது.

விடுப்பு முடிந்து அவன் புறப்பட்டான். வாசலில் நின்று, “வாங்கப்பா, என்னோட” என்றான். அவர் பழைய பதிலைத் திருப்பிச் சொல்லவில்லை. அது முன்பே சொன்னதாயிற்றே. கடையில் பின்னறை வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். முதலாளி நல்ல மனிதர். அவரைப் போகச் சொல்லாமல், சட்டங்களைத் துடைத்து அடுக்கச் சொன்னார். அவரும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மகன் எடுத்த எடுப்பில் தோட்டத்தைக் கேட்கவில்லை.

“கண்ணு எப்படிப்பா இருக்கு?”

“அது அப்படியே இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “மல்லி பூத்திருக்கு.”

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

“செடியில” என்றார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, இன்னொரு தரமும் சொன்னார்: “செடியிலதான்.”