மஞ்சள் நூல் கட்டிய கெளுத்தி

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மீன்கார அம்மா வந்து உட்கார்ந்தார். காலடியில் காலிக் கூடை.

"ஆத்துக் கெளுத்தி கிடைக்குதாம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அது இப்ப எங்க சார் கீது? நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல, எங்க நைனா வலையில நேந்துவுட்ட கெளுத்தியே மாட்டும்."

"நேந்துவிட்ட கெளுத்தியா?"

"ஆமா சார். முதுகுல மஞ்ச நூலு கட்டியிருக்கும். யாரோ அம்மனுக்கு நேந்துகினு வுட்டதுன்னு, நைனா கன்னத்துல போட்டுகினு ஆத்துலயே திரும்ப வுட்டுடுவாரு. குப்பத்துல ஒருத்தரும் அத்தத் தொடமாட்டாங்க."

அந்த நூலைக் கட்டியவன் நான்.

எழுபதுகளில் எனக்கு, கொசஸ்தலை ஆற்றில் கெளுத்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. மீனைப் பிடித்து, நூல் கட்டி, ஆற்றிலேயே விடுவோம்; அதில் எத்தனை மறுபடி பிடிபடுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. கலங்கல் தண்ணீரிலும் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நூல் கட்டிய மீன் விற்பனைக்கு வந்தால் எடுத்து வையுங்கள் என்று கல்மண்டபம் மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்தோம்.

ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் செத்துவிட்டது என்று மேலதிகாரி முடிவுகட்டிவிட்டார். நூல் கட்டியே கொன்றுவிட்டேனோ என்று பல நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னா சார், தனியா சிரிச்சுகினு கீறீங்க?" என்றார் அந்த அம்மா.

"உங்க நைனா ரொம்ப நல்லவரும்மா" என்றேன்.

வரும் வழியில் ஒரு கண்டு மஞ்சள் நூல் வாங்கினேன். கட்டுவதற்கு ஆற்றில் ஒரு கெளுத்தியை யாராவது பார்த்தால் கமெண்டில் சொல்லுங்கள்.