ஏரி மானியத்து ராஜா

கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியதும் ராஜா முதல் வேலையாக மோதிரத்தைப் போட்டுக்கொள்வார். திருவொற்றியூரில் ஏறும்போது அது சட்டையின் உள்பையில், கைக்குட்டைக்குள் கிடக்கும். நெரிசலில் எவனாவது உருவிக்கொண்டு போய்விட்டால் வம்சத்துச் சிவப்புக் கல் போய்விடுமே என்ற கவலை. பிளாட்பாரத்துக் குழாயடியில் முகம் கழுவி, மீசையை இரண்டு விரலால் மேலே தள்ளிவிட்டு, மோதிரத்தை ஏற்றுவார். விரல் பருத்துவிட்டதால் இப்போதெல்லாம் எச்சில் தொட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏறிய பிறகு நடையே வேறு. பின்னால் யாரோ குடை பிடித்து வருவதைப் போல மெதுவாக நடப்பார்.

வெளியே வெள்ளைக் கார் ஒன்று காத்திருக்கும். கார் ராஜாவுடையது அல்ல. வெங்கலாகுப்பத்து ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அம்மன் கோயில் ஆடி ஜாத்திரைக்கு வருஷா வருஷம் அமர்த்தும் வாடகைக் கார். ஒரு வருஷம் அவர் ஷேர் ஆட்டோவில், கோழிக்கூடைக்கும் யாரோ ஒருவருடைய தையல் மிஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து இறங்கிவிட்டார். ஊருக்கே தலைகுனிவாகப் போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே என்று கூடிப் பேசிக் காருக்கு ஏற்பாடு செய்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ராஜா வைத்திருக்கிற ஊர் இது ஒன்றுதான். டிராக்டர் வைத்திருப்பதைவிட அதில் அவர்களுக்குப் பெருமை அதிகம்.

முழுப்பெயர் ராஜா ஜெகன்னாத பூபதி. ரேஷன் கார்டில் வெறும் ஜெகன். ஜமீனை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவர் பிறக்கவே இல்லை. துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி நம்பர் எழுதச் சொன்னார்கள், எழுதினார். அதற்கு வம்சம் எதுவும் தேவைப்படவில்லை. அடுக்குமாடி வீட்டில், "ஏங்க, தண்ணி கேன் வந்துகீது, தூக்கியாந்து வையுங்க" என்று மனைவி குரல் கொடுத்தால் இறங்கிப்போய்த் தோளில் தூக்கி வருவார். அவர் ராஜா என்பது எதிர்வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், வெங்கலாகுப்பத்து அம்மன் கோயில் வாசலில், பூசாரி அவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டிவிடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ராஜ்ஜியம். மீதி நாளெல்லாம் அந்த நேரத்தை நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். பாவம் என்று சொல்லலாம்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்ட பிறகு பாவம் என்று சொல்ல வாய் வராது.

போன வருஷ ஜாத்திரையில் டீக்கடையில் உட்கார்ந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தார். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில் ராஜாவுக்கு முடிசூட்டுகிறார்கள். தங்க வண்டி, வெள்ளைக் குதிரைகள், தெருவின் இரண்டு பக்கமும் கொடியாட்டும் கூட்டம்.

"பாத்தியா, இன்னா மரியாதை! ஜனங்க வரி கட்டி ராஜாவ வெச்சுக்கினு கீறாங்க. அவரு ஒரு வேலையும் செய்யத் தேவையில்ல. சும்மா ராஜாவா இருந்தா போதும்."

டீ வாங்க வந்த கல்பனா தூக்குவாளியோடு நின்று எட்டிப் பார்த்தாள். ஏரிக் கால்வாய் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் அவளுக்கு. புருஷன் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவதால் நிலம் முழுக்க அவள் பொறுப்பு.

"அங்க ராஜாவா இருக்கறவரு வருசா வருசம் கணக்கு காட்டணுமாமே, இன்னா வந்துச்சி, இன்னா செலவாச்சின்னு? டிவில சொன்னாங்க."

"அது அந்த ஊரு பழக்கம்மா" என்றார் ராஜா. "நம்ம பண்பாடு வேற."

ராஜாவுக்கு வாய் ஒன்று, பேச்சு இரண்டு. மாலை மரியாதை வருகிறது என்றால், "எங்க வம்சம் கொடுத்த ஊருடா இது." செலவு வருகிறது என்றால், "நானும் உங்கள மாரி குடிமகன் தானேப்பா, கவர்மெண்டு பாத்துக்கும்." கோயில் மதில் மழையில் விழுந்தபோது குடிமகனாக இருந்தார். ஊர்க்காரர்கள் வரி போட்டு மதிலை எழுப்பியதும், கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது ராஜாவாக வந்து நின்றார். பெயரும் வந்தது. அதை வெட்டிக் கொடுத்த ஊர்க்காரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஏரி மானியம் என்று ஆறு ஏக்கர் இருக்கிறது. ராஜாவின் கொள்ளுத்தாத்தா ஒதுக்கிவைத்த நிலம். அதன் வருமானத்தைக் கொண்டு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைத் தூர்வார வேண்டும், வம்சத்தின் மூத்த ஆண்பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதுதான் ஏற்பாடு. கொள்ளுத்தாத்தா ஒன்றும் உத்தமர் இல்லை. குடியானவன் வயிற்றில் அடித்துத்தான் அவரும் குதிரை வாங்கியிருப்பார். ஆனால் ஏரி நிரம்பாவிட்டால் தன் குதிரைக்கும் கொள்ளு இருக்காது என்கிற அளவுக்காவது அவருக்குப் புத்தி இருந்தது.

நமது ராஜா அந்த மானியத்தைக் கன்டெய்னர் லாரிகள் நிறுத்துகிற யார்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். லாரி திரும்புவதற்கு வசதியாக யார்டுக்காரர்கள் குறுக்கே போன கால்வாயைக் கிராவல் கொட்டி மூடி, அடியில் ஒரு குழாயைப் புதைத்தார்கள். அந்தக் குழாயில் பெருச்சாளி தாராளமாகப் போய்வரலாம். போன கார்த்திகை மழையில் வந்த வெள்ளம் அதில் முட்டி நின்று, கரை மீறி, கல்பனாவின் நிலத்தில் ஏறியது. கதிர் தள்ளப்போகிற பயிர் தண்ணீருக்குள்ளேயே அழுகியது. ஏரிக்கோ பாதித் தண்ணீர்கூடப் போய்ச் சேரவில்லை. தை மாதம் ஏரிக்குக் கீழே இருந்த நிலங்கள் காய்ந்தன. மேலே இருந்தவர்கள் வெள்ளத்தில் இழந்தார்கள், கீழே இருந்தவர்கள் வறட்சியில் இழந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே கிராவல் மேடு.

கல்பனா ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். "மானியத்துக்கு டிரஸ்டி ராஜாதானேம்மா, அவரைக் கேளு" என்றார்கள். ராஜாவுக்குப் போன் போட்டால், "இந்தக் காலத்துல ராஜா ஏதும்மா, ஆபீஸ்ல போய் கேளு" என்பார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்குள் அந்த மேடு எடுபடாவிட்டால் அவள் நாற்று விடுவதில் அர்த்தமில்லை. நிலத்தைக் கொடுத்துவிடும்படி யார்டுத் தரகர் வாசலுக்கே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். மாமியாரும் புருஷனும் கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு மனசு வரவில்லை.

வெங்கலாகுப்பத்தில் பரிவட்டம் சும்மா கட்டுவதில்லை. அதற்கு முன்னால் ராஜா கால்வாயில் இறங்கி, முதல் கூடை மண்ணைத் தன் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டும். மண் சுமந்த தலைக்குத்தான் பட்டு. அதன்பின் ஊர் மொத்தமும் இறங்கித் தூர்வாரும். கொள்ளுத்தாத்தா சுமந்தாராம். தாத்தா கூடையைத் தொட்டுக் கொடுத்து வேலையாளைச் சுமக்க வைத்தாராம். அப்பா கூடையை விட்டுவிட்டுப் பித்தளைக் கிண்ணத்தில் ஒரு பிடி மண் என்று சுருக்கினார். நமது ராஜா திருவொற்றியூரில் பானை விற்கிற கடையில் களிமண் உருண்டை ஒன்று வாங்கி, குலாப்ஜாமூன் டப்பாவில் போட்டு மூடி, கையோடு கொண்டுவந்துவிடுகிறார். கோயில் வாசலில் டப்பாவைத் திறந்து காட்டுவார். பம்பை முழங்கும். பரிவட்டம் ஏறும். தூர்வாருவது எப்போதோ நின்றுபோய்விட்டது.

ஊர்ப் பெரியவர் வீரராகவன், "நம்ம ராஜா கால்ல சேறு படக்கூடாதுய்யா" என்று கண்கலங்குவார். இப்படி ஒரு ஊர் அமைந்தால் யாருக்குத்தான் ராஜாவாக இருக்கக் கசக்கும்?

இந்த ஆடியில் டப்பாவைத் திறந்து நீட்டியபோது பூசாரி அன்புசெல்வன் மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். மற்ற நாட்களில் அவர் இரும்பு ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். தை மாதம் காய்ந்த நிலங்களில் அவருடையதும் ஒன்று.

"இது நம்ம கால்வா மண்ணு இல்லியே, ராஜா."

"மண்ணுல இன்னாப்பா நம்ம மண்ணு, அடுத்தவன் மண்ணு? எல்லாம் பூமாதேவிதானே?"

"இல்ல ராஜா. கால்வா மண்ணு எடுத்தாத்தான் கட்டணும். எங்க அப்பாரு அப்டித்தான் சொல்லிக் குடுத்தாரு. வாங்க, ஒரு எட்டு போய் எடுத்துக்கினு வந்துரலாம்."

பூசாரி பரிவட்டத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். முந்தின வாரமே கல்பனா ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தது ராஜாவுக்குத் தெரியாது. வீரராகவனுக்குத் தெரியும். ராஜா முகத்தில் எப்படி விழிப்பது என்று மனிதர் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பரிவட்டம் போகிற பக்கம்தான் ராஜாவும் போவார், போனார். புது வேட்டியின் சரிகைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழியில் செல்போன் நீட்டியவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போனார். ஊர்வலம் கோயில் பக்கத்துக் கால்வாயைத் தாண்டியும் நிற்காமல் போனபோதுதான் அவர் தலையசைப்பதை நிறுத்தினார்.

யார்டு காவலாளி, "சார்!" என்று எழுந்து சலாம் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டான். அவனுக்கு அவர் ராஜா அல்ல, இடத்துக்கு ஓனர். உள்ளே கிராவல் மேட்டுக்கு முன்னால் பம்பை நின்றது. ஒரு பக்கம் தேங்கிப் பாசி பிடித்த தண்ணீர், இன்னொரு பக்கம் வெடித்துக் கிடந்த கால்வாய். கல்பனா மம்முட்டி ஒன்றையும் மூங்கில் கூடை ஒன்றையும் கொண்டுவந்து ராஜாவின் காலடியில் வைத்தாள்.

"மொதக் கூடை நீங்க எடுங்க, ராஜா. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"இங்கியா? இது யார்டும்மா. வாடகைக்கு வுட்ட எடம். கோர்ட்டு, கேசுன்னு போனா பேஜாரு."

"வுட்டது நீங்கதானே? நீங்களே மம்முட்டிய போட்டா அவன் யார் மேல கேசு போடுவான்?"

ராஜா கூட்டத்தைப் பார்த்தார். வருஷா வருஷம் தன்னைப் பார்த்துக் கைகூப்புகிற அதே முகங்கள். ஒருவரும் கையைக் கூப்பவில்லை. கெஞ்சிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதற்குள் பழக்கதோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"நான் இன்னா கூலி ஆளா? ராஜான்றது ஒரு அடையாளம்மா. ஊருக்கு ஒரு கௌரவம். அவ்ளோதான். இந்தக் காலத்துல ராஜா கையில இன்னா பவர் இருக்குது, சொல்லு?"

"பவரு இல்ல, சரி. வாடக இருக்குதில்ல?"

யாரோ சிரித்தார்கள். ராஜாவின் காது மடல் சிவந்தது. "வீரராகவா, இன்னாய்யா இது? நீ பாத்துக்கினு சும்மா நிக்கிற?" என்றார். வீரராகவன் முன்னால் வந்தார். அப்பாடா என்று ராஜா மூச்சு விட்டார். கிழவர் அவருக்கு முன்னால் நின்று, தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கீழே கிடந்த மம்முட்டியை எடுத்துக்கொண்டு மேட்டோரமாகக் கால்வாயில் இறங்கினார். அழுதுகொண்டேதான் இறங்கினார். முதல் வெட்டு கிராவலில் பட்டு வழுக்கியது. இரண்டாவது வெட்டில் மண் பெயர்ந்தது.

பிறகு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வீடுகளிலிருந்து மண்வெட்டிகள் வந்தன, கடப்பாரைகள் வந்தன. கல்பனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பம்பைக்காரர்களில் இருவர் பம்பையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ராஜா மட்டும் கரைக்கு மேலே, வெயிலில், காலடியில் காலிக் கூடையோடு நின்றார். போய்விடலாம் என்றால் கார் கோயிலில் நிற்கிறது. இறங்கலாம் என்றால் வேட்டி வெள்ளை. தன்னைச் சுற்றி எந்த ஏற்பாடும் நடக்காத ஜாத்திரையை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது அன்புசெல்வன் கால்வாயிலிருந்து கரையேறி, நேராக அவரை நோக்கி வந்தார். முழங்கால் வரை சேறு. பரிவட்டத் தட்டை அவர் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டிருந்ததை ராஜா கவனிக்கவில்லை. என்ன இருந்தாலும் ஊர் விட்டுக்கொடுக்குமா, நேரமாகிவிட்டது, கட்டப் போகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. மோதிரக் கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, பூசாரிக்கு எட்டும்படி தலையைக் குனிந்தார்.

அன்புசெல்வன் குனிந்து காலிக் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி இறங்கினார். ராஜா இன்னும் நிமிரவில்லை.