ஏழாம் அறையின் சாவி

அந்தச் சாவியை ஒளித்து வைத்தவள் நான்தான். கடிதத்தையும்தான். இத்தனை காலம் வாய் திறக்காதவள், இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மரக்காணத்துக் கடற்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய விடுதி அது. கோடையில் காற்று வாங்க வருபவர்களுக்கு அறையும் சோறும். ரோசம்மா முதலாளி, நான் சமையற்காரி. முதலாளி என்றா சொன்னேன்? ஒரே தட்டில் கருவாடு பிய்த்துத் தின்றவர்கள் நாங்கள்!

விடுதிக்கு ஒரு வழக்கம் உண்டு. மறு கோடையும் வர விரும்புகிறவர் அறைச் சாவியைக் கையோடு கொண்டு போகலாம். அது தபாலில் திரும்பி வந்தால், இனி அவர் வரமாட்டார் என்று பொருள். அதுவரை அந்த அறை வேறு யாருக்கும் இல்லை.

விழுப்புரம் ரயில்வே குமாஸ்தா சுந்தரம் ஏழாம் அறைச் சாவியைப் பத்துக் கோடைகள் கொண்டு போனார். மனைவியை இழந்தவர். ரோசம்மாவும் தனிக்கட்டை. சாயங்காலங்களில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொறித்தபடி இருவரும் சீட்டாடுவார்கள். தோற்றால் ரோசம்மா சீட்டுகளை வீசி எறிவார்! சுந்தரம் சிரித்துக்கொண்டே பொறுக்குவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை... ஒன்றுமில்லையா? எனக்குத் தெரியாதா!

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. தபாலில் ஏழாம் அறைச் சாவி என் கைக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம். "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இனி வர இயலாது. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் ரோசம்மா."

திண்டிவனத்தில் பஸ் மாறினால் விழுப்புரம். ஆனால் ரோசம்மா போய், அங்கேயே அவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு தங்கிவிட்டால்? விடுதியை மூடிவிட்டால் என் பிழைப்பு? இல்லை... அதுகூடப் பொய். ரோசம்மா இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? அதுதான் உண்மை. சாவியையும் கடிதத்தையும் அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

"சாவி கீவி வந்துச்சாடி அஞ்சலை?"

"வரலீங்கம்மா."

"அப்ப வர்றாருடி! நம்மகிட்ட இருக்கிற இன்னொரு சாவியால தொறந்து ஜல்தியா ரூமைக் கூட்டு. மல்லாட்டை வாங்கிக்கினு வா."

அந்த வைகாசியிலேயே அவர் இறந்துவிட்டார் என்று விழுப்புரத்துக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதையும் விழுங்கினேன். ஒரு கடிதம் போட்டுப் பாருங்களேன் என்று யாரோ சொன்னபோது ரோசம்மா, "எதுக்கு? சாவி அவருகிட்டதானே இருக்குது!" என்றார்.

ஐந்து கோடைகள்... அதே கேள்வி, அதே பதில்.

கடைசிக் கோடையில் ரோசம்மா படுக்கையில் கிடந்தார். கஞ்சி இறங்கவில்லை.

"சாவி வந்துச்சாடி?"

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா நான்!

"வரலீங்கம்மா."

அந்த முகம் மலர்ந்ததே... ஐயோ!

"அப்ப எனக்குத் தலைய வாரி உடுடி."

வாரிவிட்டேன். இந்தக் கைகளால்தான்.