முன் இருக்கைக்கு ஓர் அழைப்பு

என் தாய் சிங்களம், தகப்பன் தமிழ். அதனால் எங்கள் தெருவில் எந்தக் கலியாணத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். சண்டைக் காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

"பிள்ளை, நிலாவெளியில என்ர மகன்ர கலியாணம். நீ எங்கட வான் வண்டியில முன் சீற்றில இருக்க வேணும். ஆமிக்காரர் மறிக்கிற சென்றியில சிங்களம் கதைக்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மாமியின் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் ஆசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். சென்றியில் நான் கதைத்ததும் ஆமிக்காரன் வானை விட்டான்.

மண்டபத்தில் அதே மாமி என் முழங்கையைப் பிடித்தார்.

"சபையில இருந்தால் சனம் கதைக்கும். குசினிப் பக்கம் போய் சமைக்கிற ஆக்களோட இரு."

நான் வெளியே வந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வான் திரும்பும்போது சென்றியில் அந்தப் பெரிய சபைக்காரரே சிங்களம் கதைத்திருப்பார்கள்.