மடியில் இருந்த தக்கை

அந்தத் துரையின் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவன் எப்போதோ கப்பலேறிப் போய்விட்டான்; இந்நேரம் மண்ணோடு மண்ணாகியிருப்பான். இருந்தாலும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். ராயபுரம் கடலோரத்தில் ஒரு படகுக் கொட்டகையில் எனக்குக் கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து ஏற்றி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். அது சரியில்லை என்றால் தேக்குப் படகும் ஓட்டைச் சட்டிதான். ஒரு கம்பெனி மானேஜரான துரை, பாய் விரித்துக் கொழும்பு வரை உல்லாசமாகப் போய்வர ஒரு படகு கட்டச் சொல்லியிருந்தான். இரண்டு பேர் படுக்க அறை, சமைக்க அடுப்பு, கை கழுவப் பீங்கான் தொட்டி. அப்போது எங்கள் வீட்டு அடுப்பு தெருவில் இருந்தது.

புதுப் பலகை தண்ணீர் குடித்து ஊறினால்தான் இடுக்கு இறுகும். அதனால் எட்டு நாள், காலையில் படகுக்குள் முழங்கால் அளவு கடல்தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பேன். கண்ணில் சொட்டும். சொட்டிய இடத்தில் மறுபடி அடிப்பேன். மாலையில் அடிப்பலகை ஓட்டையில் இருக்கும் தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வடித்துவிட்டு, தக்கையை என் கைலி மடியில் செருகிக்கொள்வேன். கட்டைவிரல் தடிமனில் ஒரு தேக்குத் துண்டு, அவ்வளவுதான். எங்கள் கொட்டகையில் அதுதான் வழக்கம். கலப்பத்து அடித்தவன் தன் கையால் தக்கையை அடைத்து, படகின் அடிவயிற்றில் உட்கார்ந்த பிறகுதான் படகு இறங்கும். ஒழுகினால் முதலில் நனைகிறவன் அவன். ஏனோதானோ என்று அடித்தவன் எவனாவது உட்காருவானா?

எட்டாம் நாள் ஒரு சொட்டும் கசியவில்லை. மறுநாள் காலை படகு இறக்க வேண்டும். நான் போய் நின்றதும் மேஸ்திரி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னிக்கு நீ இங்க கீறது வாணாம் நைனா. தொரையோட தோஸ்துங்க, அவுங்க வூட்டு அம்மாங்க எல்லாம் வராங்க. எண்ணெக் கையோட நீ உள்ள குந்தினா வார்னிசு கலீஜாயிடுமாம்."

"கலப்பத்துக்காரன் குந்தாம எந்தப் படகு எறங்கிகீது?"

"அத்த அவருகிட்ட யாரு சொல்றது? பேஜாரு பண்ணாம கெளம்பு."

துரை தள்ளி நின்றுகொண்டிருந்தான். தமிழ் நன்றாகப் புரியும் அவனுக்கு. திட்டுவதற்கு மட்டும் பேசுவான். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிரம்பால் கேட்டைக் காட்டினான். எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்களாச்சு, உங்க படகாச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் வைத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் ஏதோ குத்தியது. மடியைத் தொட்டுப் பார்த்தேன். தக்கை.

கை கழுவவில்லை. ஓடினேன். கேட்டில் வாட்ச்மேன் குறுக்கே நின்றான்.

"உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டரு மாமு."

"படகுல ஓட்டை கீதுடா."

"அத்த அடைக்கத்தான எட்டு நாளா மல்லாந்து கெடந்த?" என்று சிரித்தான் அந்தப் பாவி.

அவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. மதிலைச் சுற்றி ஓடி, பாறை மேலிருந்து கடலில் குதித்தேன். படகு இறங்கிவிட்டிருந்தது. படகுக்கு மாலை போட்டிருந்தார்கள்; மேலே துரைமார்கள் கையில் கிளாசோடு நின்றார்கள். பலகைத் தளத்துக்குக் கீழே தண்ணீர் ஏறுவது எவன் கண்ணுக்கும் தெரியவில்லை. நான் அடியில் முங்கி, கையால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, தக்கையை வெளியிலிருந்தே செருகிக் கல்லால் அடித்தேன். மூச்சு முட்டி இரண்டு தரம் மேலே வந்து போக வேண்டியிருந்தது.

மூன்றாம் தரம் தலையைத் தூக்கியபோது மேலே கூச்சலாக இருந்தது. அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் என்று கத்தினார்கள். அறை ஜன்னலில் பார்த்தால், அம்மாக்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படுக்கை மேல் ஏறி நின்றார்கள். துரை மேஸ்திரியின் சட்டையைப் பிடித்திருந்தான். மேஸ்திரி தண்ணீரில் கிடந்த என்னைக் காட்டினான்.

"கலப்பத்து சரியில்ல தொரை. அதோ, அவன் வேலதான்."

கரையில் கொட்டகை ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். தக்கை யார் மடியில் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இறக்கும்போது ஒருத்தனாவது "தக்கை எங்கே" என்று கேட்டானா? துரை முன்னால் வாய் திறக்கப் பயம். இப்போதும் வாயில் கொழுக்கட்டைதான். நானும் யோக்கியன் இல்லை. கோபத்தில் என் தொழிலையே மறந்துவிட்டுப் போனவன்.

என்னைக் கைகொடுத்து மேலே தூக்கும்போது மேஸ்திரி காதில் சொன்னான். "சும்மா இரு. கசிஞ்சிச்சின்னா திட்டிட்டு வுட்டுருவாரு. தக்கைய எடுத்துகினு போனேன்னு சொன்னா வேல போயிடும்."

நாலு வயிறு அந்த வேலையை நம்பி இருந்தது. தெரியாமலா இருப்பேன்? ஆனால் எட்டு நாள் என் கண்ணில் சொட்டிய தண்ணீர் அவனுக்கு எங்கே தெரியும்.

"தொரை, தக்கை என் மடியில இருந்திச்சு. மறந்து வூட்டுக்கு எடுத்துனு பூட்டேன். இப்ப அடியில அடைச்சிட்டேன். என்னைத் திருடன்னு சொல்லு, குடிகாரன்னு சொல்லு. என் கலப்பத்து ஒழுகிச்சின்னு மட்டும் சொல்லாத. தண்ணிய எறச்சிட்டுப் பாரு."

இறைத்தார்கள். தளப் பலகையைத் தூக்கச் சொல்லி, யாரையும் கேட்காமல் இறங்கி, மிச்ச ஈரத்தைக் கோணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, என் எண்ணெய்க் கையைத் துரையின் வார்னிஷ் மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு அடிவயிற்றில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் துரை கடிகாரத்தோடு மேலே நின்றான். இடுக்கு இடுக்காக டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு மறுபடி பிரம்பால் கேட்டைக் காட்டினான்.

எழுந்தேன். படகு முழுக்க நான் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் ஈரம். அதுவும் என் கைலியிலிருந்து வடிந்தது.